“என்றென்றும்” என்றால் எத்தனை நாள்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பூதம் செத்துப் போயிற்று.

அதைக் கொன்றவர்கள், காலேஜில் படிக்கும் என் மூத்த பெண்ணும் அவளுடைய சிநேகிதிகள் நால்வரும். ஆயுதம், 20 முகங்கள் கொண்ட ஒரு பகடைக்காய். காபித் தட்டுடன் வந்த என் மனைவி, “பூதம் போனால் போகிறது, போவதற்கு முன் கூடத்தைப் பெருக்கிவிட்டுப் போங்கள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இந்த விளையாட்டை அறியாத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் பாலத்தின் மேல் ஓடுகிறேன்” என்று தங்கள் பாத்திரத்தின் செய்கையைச் சொல்லுகிறார்கள். அந்தச் செய்கை பலித்ததா, இல்லையா என்பதைப் பகடையும் விதிப் புஸ்தகமும் தீர்மானிக்கின்றன. சீட்டு இல்லை, பணயம் இல்லை, தோற்றவன் என்று ஒருவனும் இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கதையைக் கட்டிவிட்டு, பசி வந்ததும் எழுந்து போகிறார்கள். எனக்கு இதில் ஆட்சேபம் ஒன்றும் கிடையாது.

ஆட்சேபம் வந்தது அன்று இரவில்தான். என் பெண் ஒரு தடித்த நோட்டுப் புஸ்தகத்தை என்னிடம் நீட்டினாள். அந்த விளையாட்டின் விதிகளில் அறுபது பக்கத்தை அவளே தமிழாக்கியிருந்தாள்.

“சந்திப் பிழை பார்த்துக் கொடுங்கள், அப்பா. 50 பிரதி அச்சடிக்கப் போகிறோம்” என்றாள்.

“யாரைக் கேட்டுக்கொண்டு அச்சடிக்கப் போகிறாய்?” என்று கேட்டேன். பிறர் எழுதியதைப் பார்த்து எழுதக் கூடாது என்று 20 வருஷமாகப் பிள்ளைகளை அதட்டி வரும் வாத்தியார் வேறு என்ன கேட்பார்?

“யாரையும் கேட்க வேண்டாம். கேட்க வேண்டாம் என்று அந்தக் கம்பெனிக்காரர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.”

“நாளைக்கு அவர்களே மனம் மாறி, ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால்?”

அவள் சிரித்தாள். “அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள், அப்பா. அதனால்தான் இப்போது சொல்ல முடியாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்” என்றாள்.

இந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த ஒரு வாரம் அந்தத் தஸ்தாவேஜுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். பொம்மையும் பகடையும் விற்கிறவர்களின் தகராறுதானே என்று அலட்சியமாகத் தொடங்கியவன், முடிக்கும்போது என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்த விருத்தாந்தத்தையே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

*

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் இந்த விளையாட்டு 1974-ம் வருஷம் அமெரிக்காவில் பிறந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னஸன் என்னும் இருவர் அதை அமைத்தார்கள். விஸ்கான்ஸின் மாகாணத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்த டி. எஸ். ஆர். என்ற சின்னஞ்சிறு கம்பெனி, ஒரு பெட்டியில் மூன்று கைப்புஸ்தகங்களாக அதை வெளியிட்டது. முதல் அச்சு 1,000 பிரதிகள்தான்.

இத்தகைய விளையாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. சதுரங்கக் காய்களை வாங்கியவன் விளையாடினால் போதும். இதை வாங்கியவனோ எழுதவும் வேண்டும். கதை நடத்துகிறவர் வாராவாரம் புதிய குகை, புதிய ஊர், புதிய பூதம் என்று சிருஷ்டித்துக்கொண்டே இருந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஆகவே வாங்கியவர்களில் பலர் தாமே ஆசிரியர்களானார்கள். எழுதியதை நண்பனுக்குக் காட்டினார்கள். பிறகு அச்சடித்து விற்கலாமே என்று நினைத்தார்கள். அங்கேதான் வழக்குப் பிறந்தது.

ஆட்டத்தின் விதி யாருக்குச் சொந்தம்? இதில் அமெரிக்கச் சட்டம் ஒரு நுட்பமான கோடு கிழித்திருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸெல்டன் என்பவர் கணக்கு எழுதுவதற்கு ஒரு புது முறையைக் கண்டு புஸ்தகம் போட்டிருந்தார். பேக்கர் என்பவர் ஏறக்குறைய அதே முறையில் கணக்குப் படிவங்களை வெளியிட்டார். வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. புஸ்தகத்தின் காப்பிரைட், புஸ்தகம் விளக்கும் முறையைத் தனியுடைமை ஆக்கிவிடாது என்பது தீர்ப்பு. நம் வீட்டுப் பாஷையில் சொன்னால், சமையல் புஸ்தகத்தைப் பார்த்து யாரும் ரசம் வைக்கலாம். அந்தப் புஸ்தகத்தின் பக்கங்களை அச்சடித்து விற்கத்தான் கூடாது.

கேட்பதற்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் விளையாட்டுப் புஸ்தகத்தில் ரசம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே ஆரம்பிக்கிறது? “பகடையை உருட்டி இத்தனையைக் கூட்டு” என்பது முறை. ஒரு மந்திரத்தைப் பற்றிய வர்ணனையும் ஒரு பூதத்தின் பெயரும் எழுத்தாளனின் சொத்து. இரண்டும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கும்போது பிரித்துச் சொல்ல வக்கீல் வேண்டும். வக்கீலுக்குப் பணம் வேண்டும். பணம் இருக்கிறவன்தான் சட்டம் தன் பக்கம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். மற்றவன் பயந்துகொண்டு சும்மா இருக்க வேண்டியதே.

டி. எஸ். ஆர். கம்பெனி அந்தப் பயத்தை நன்றாக வளர்த்தது. கைகாக்ஸ் 1980-களின் நடுவில் அந்தக் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். பின்பு வேறொரு பிரசுராலயத்தின் மூலம் புதியதோர் ஆட்டத்தை வெளியிட்டபோது, 1992-ல் டி. எஸ். ஆர். அவர் மேலேயே வழக்குத் தொடுத்தது. பிள்ளையைப் பெற்றவர் மறுபடியும் ஒரு பிள்ளை பெற்றதற்காக, முதல் பிள்ளையைத் தத்து எடுத்தவர்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள்! வழக்கு ராஜியில் முடிந்தது. புது ஆட்டத்தின் உரிமை டி. எஸ். ஆரிடமே போய்ச் சேர்ந்தது.

*

1997-ல் டி. எஸ். ஆர். கடனில் மூழ்கியிருந்த சமயம், ‘விஸார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்’ என்னும் கம்பெனி அதை விலைக்கு வாங்கிற்று. 1999-ல் அந்தக் கம்பெனியை ‘ஹாஸ்ப்ரோ’ என்ற பெரிய விளையாட்டுச் சாமான் வியாபாரிகள் வாங்கினார்கள். மறு வருஷம், அதாவது 2000-ல், ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பூட்டி வைத்திருந்த கதவை வீட்டுக்காரரே திறந்து விட்டார்.

அக்கம்பெனியில் அப்போது ரையன் டான்சி என்று ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் உலகில் சிலர் தங்கள் புரோகிராம்களை, “எடுத்துக்கொள், திருத்து, பிறருக்கும் கொடு, நீ திருத்தியதையும் அதே போல் கொடுத்துவிடு” என்ற நிபந்தனையுடன் வழங்கி வந்ததை அவர் கவனித்திருந்தார். விளையாட்டுக்கும் அதே உபாயத்தைக் கைக்கொண்டால் என்ன என்று யோசித்தார். அவர் கணக்கு தர்மக் கணக்கு மட்டுமல்ல, வியாபாரக் கணக்குங்கூட. நூறு சிறு பிரசுரகர்த்தர்கள் இந்த ஆட்டத்துக்குக் கதைகளும் பூதங்களும் எழுதினால், அவற்றை வாங்குகிற ஒவ்வொருவனுக்கும் மூல விதிப் புஸ்தகம் தேவைப்படும். அதை விற்பது தம் கம்பெனி. ஊரார் எல்லோரும் அகல் விளக்குச் செய்யட்டும், எண்ணெய் நம் கடையில்தானே என்று நினைப்பது போல!

இவ்விதம் உண்டானதுதான் ‘ஓப்பன் கேம் லைசென்ஸ்’. திறந்த விளையாட்டு உரிமம் என்று சொல்லலாம். ஆட்டத்தின் எலும்புக்கூட்டை ஒரு தனி நூலாகத் தொகுத்து, “இது திறந்த பொருள், யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், கட்டணம் இல்லை” என்று சாசனம் செய்துவிட்டார்கள். கம்பெனியின் விசேஷமான சில பூதங்கள், பாத்திரங்கள், ஊர்களின் பெயர்கள் இவற்றை மட்டும் தங்கள் சொந்த அடையாளம் என்று ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சாசனத்தில் ஒரு வாத்தியாரின் மனத்தைக் கவரும் ஷரத்து ஒன்று இருக்கிறது. எடுத்தாளுகிறவர், தமக்கு முன் எழுதியவர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகப் புஸ்தகத்தில் அச்சிட வேண்டும். அவரிடமிருந்து எடுக்கிறவர் அந்த வரிசையுடன் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும். இப்படியே குரு பரம்பரை நீண்டுகொண்டு போகும். சில புஸ்தகங்களில் இந்த வம்சாவளி மட்டுமே ஒரு பக்கத்தை அடைத்துவிடுகிறது.

கதவு திறந்ததும் ஜனங்கள் உள்ளே வந்தார்கள். வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து எழுதியவர்கள் பிரசுரகர்த்தர்கள் ஆனார்கள். படம் வரைகிறவர்களுக்கும், பிரதி திருத்துகிறவர்களுக்கும், அச்சகங்களுக்கும் வேலை கிடைத்தது.

கொடுத்தவர்கள் எதிர்பாராததும் நடந்தது. 2008-ல் கம்பெனி ஆட்டத்தின் 4-வது பதிப்பைக் கொண்டு வந்தபோது பழைய லைசென்ஸைக் கைவிட்டு, இறுக்கமான வேறொன்றை நீட்டியது. இதை ஏற்றுக்கொள்கிறவர், அதே வரிசைப் புஸ்தகங்களைப் பழைய லைசென்ஸின் கீழ் தொடரக் கூடாது என்று முதலில் ஒரு நிபந்தனையும் போட்டது. ‘பைஸோ’ என்ற கம்பெனி இதற்கு இசையவில்லை. பழைய விதிகள்தாம் திறந்து கிடக்கின்றனவே! அவற்றையே எடுத்துச் செப்பனிட்டு, 2009-ல் ‘பாத்பைண்டர்’ என்று ஒரு தனி ஆட்டமாக வெளியிட்டது. மூல ஆட்டத்துக்கே அது சரியான போட்டியாக வளர்ந்தது. கொடுத்த விதையில் முளைத்த மரம் கொடுத்தவர் தோட்டத்தின் மேலேயே நிழல் விழுத்திற்று.

கம்பெனி அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது போலத் தோன்றிற்று. 2014-ல் 5-வது பதிப்பு வந்தது. 2016-ல் அதன் விதிகளைப் பழைய லைசென்ஸின் கீழேயே திறந்துவிட்டார்கள். ஆட்டம் முன் எப்போதும் இல்லாத செல்வாக்கை அடைந்தது.

*

2023-ம் வருஷம் ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு புதிய லைசென்ஸின் நகல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதில் கண்ட விஷயங்கள் இவை: பழைய லைசென்ஸ் இனிமேல் ‘அங்கீகரிக்கப்பட்டது’ ஆகாது. இந்த ஆட்டத்துக்காக எழுதி விற்பவர்கள் கம்பெனியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வருஷத்தில் 50,000 டாலருக்கு மேல் வரும்படி உள்ளவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலருக்கு மேல் வருகிற தொகையில் நூற்றுக்கு 25 கம்பெனிக்குச் செலுத்த வேண்டும். லாபத்தில் அல்ல, வரும்படியில்! காகிதக் கூலி, அச்சுக் கூலி, தபால் கூலி போக நூற்றுக்கு 25 மிச்சம் பிடிக்கிற பிரசுரகர்த்தர் எத்தனை பேர் என்பதைப் புஸ்தக வியாபாரம் செய்து பார்த்த நேயர்கள் அறிவார்கள்.

“பழைய லைசென்ஸ் ‘என்றென்றும்’ செல்லும் என்றுதானே எழுதியிருந்தது?” என்று கேட்கத் தோன்றும். ஆம், எழுதியிருந்தது. உலகம் முழுவதற்கும், கட்டணமின்றி, நிரந்தரமாக என்று 2000-ம் வருஷத்துச் சாசனம் சொல்லுகிறது. பின்னாளில் மாற்றம் செய்தாலும், பிடிக்காதவர்கள் பழைய வடிவத்தையே உபயோகிக்கலாம் என்று கம்பெனியே தன் கேள்வி-பதில் பக்கத்தில் விளக்கமும் கொடுத்திருந்தது. டான்சியும், திரும்பப் பெறும் நோக்கம் ஒருபோதும் இருந்ததில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

ஆனால் சாசனத்தில் ஒரு வார்த்தை இல்லை. ‘ரத்து செய்ய முடியாத’ என்ற வார்த்தை இல்லை. ‘அங்கீகரிக்கப்பட்ட எந்த வடிவத்தையும் உபயோகிக்கலாம்’ என்ற ஒரு தொடரும் இருந்தது. யார் அங்கீகரிப்பது? எப்போது வேண்டுமானாலும் அங்கீகாரத்தை எடுத்துவிடலாமா? 23 வருஷம் பலருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.

‘நிரந்தரம்’ என்பதும் ‘ரத்து செய்ய முடியாதது’ என்பதும் ஒன்றல்லவா என்று நானும் முதலில் நினைத்தேன். அல்லவாம். குடித்தனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். “எத்தனை வருஷம் என்று கணக்கில்லை, நீங்கள் பாட்டுக்கு இருங்கள்” என்று வீட்டுக்காரர் சொன்னால் அது நிரந்தரம். தவணை குறிக்கவில்லை, அவ்வளவே. “இனி உங்களைக் காலி பண்ணச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை” என்று எழுதிக் கொடுத்தாரானால் அது வேறு. முன்னது அவருடைய நல்ல மனத்தைப் பொறுத்தது. பின்னது பத்திரத்தைப் பொறுத்தது. நம் ஊர்ப் பத்திர எழுத்தர்கள் இந்த நுட்பத்தை நன்றாக அறிந்தவர்கள். தான செட்டில்மெண்டு எழுதும்போது, இதை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை என்று ஒரு வரியைச் சேர்க்காமல் விடமாட்டார்கள்.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை. கசிந்த நகலில் வேறொரு ஷரத்து இருந்தது. எழுத்தாளர்கள் இந்த ஆட்டத்துக்காக எழுதுவதைக் கம்பெனி தன் இஷ்டப்படி உபயோகித்துக்கொள்ள அனுமதி தர வேண்டும். எப்படிப்பட்ட அனுமதி? நிரந்தரமான, ரத்து செய்ய முடியாத அனுமதி! தான் கொடுத்தபோது விட்டுப்போன வார்த்தை, தான் வாங்கும்போது கம்பெனியின் வக்கீல்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கம்பெனியின் கட்சியையும் சொல்லிவிடுவது நியாயம். துவேஷத்தைப் பரப்பும் புஸ்தகங்களுக்குத் தங்கள் விதிகள் பயன்படக் கூடாது. பெரிய முதலாளிகள் தங்கள் உழைப்பை இலவசமாகச் சுரண்டக் கூடாது என்றார்கள். இவை உதறித் தள்ளத் தக்க காரணங்கள் அல்ல. ஆனால் 23 வருஷம் அந்த வாக்கை நம்பி வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு அவை என்ன ஆறுதல்? கிடங்கில் அச்சாகிக் கிடக்கும் புஸ்தகத்தை விற்கலாமா? பாதி எழுதியதை முடிக்கலாமா? படம் வரைந்தவருக்குக் கூலி எங்கிருந்து கொடுப்பது? இந்தக் கவலைகள்தான் அந்த ஜனவரியில் எத்தனையோ வீடுகளில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தன.

அடுத்த மூன்று வாரங்களில் நடந்தவை துரிதமானவை. பல்லாயிரம் பேர் ஒரு பகிரங்கக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். கம்பெனியின் இணையதளத்துக்குக் கட்டிவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். 12-ந் தேதி பைஸோ கம்பெனி, எந்த ஒரு பிரசுராலயத்துக்கும் சொந்தமில்லாத ஒரு புது லைசென்ஸை மற்றவர்களுடன் கூடி உண்டாக்கப் போவதாக அறிவித்தது. 19-ந் தேதி கம்பெனி திருத்திய நகல் ஒன்றை வெளியிட்டு, ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்டது. 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். அவர்களில் நூற்றுக்கு 88 பேர், அந்த லைசென்ஸின் கீழ் பிரசுரிக்க விரும்பவில்லை என்றார்கள். பழைய லைசென்ஸை அங்கீகாரம் நீக்குவதில் நூற்றுக்கு 89 பேருக்குத் திருப்தியில்லை.

27-ந் தேதி கம்பெனி இறங்கி வந்தது. பழைய லைசென்ஸைத் தொடுவதில்லை என்றது. அதோடு நிற்கவும் இல்லை. 400 பக்கங்களுக்கு மேற்பட்ட தன் விதி நூலைக் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ என்னும் பொது ஸ்தாபனம் வகுத்த ஓர் உரிமத்தின் கீழும் வெளியிட்டுவிட்டது. இதன்படி யாரும் அந்த நூலை அச்சிடலாம், மாற்றலாம், விற்கலாம், மொழிபெயர்க்கலாம். மூலம் யாருடையது என்று குறிப்பிட வேண்டும். மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும். இந்த உரிமத்தின் வாசகம் கம்பெனியின் கையில் இல்லை. நிபந்தனையைக் காக்கிறவனிடமிருந்து இதைத் திரும்பப் பெற முடியாது என்று அந்த வாசகத்திலேயே கண்டிருக்கிறது.

பழைய சாசனத்தை ரத்து செய்யச் சட்டம் இடம் கொடுக்குமா, கொடாதா என்பது எந்தக் கோர்ட்டிலும் தீர்மானிக்கப்படவே இல்லை. ஆனால் பயந்தவர்கள் பயந்ததற்கு ஏற்பக் காரியம் செய்தார்கள். பைஸோவும் நண்பர்களும் தங்கள் லைசென்ஸை 2023 ஜூனில் முடித்து வெளியிட்டார்கள். அதே வருஷம் நவம்பரிலிருந்து பைஸோ தன் விதிப் புஸ்தகங்களையே, பழைய சாசனத்தின் வாடை இல்லாதபடி, திரும்ப எழுதி வெளியிடத் தொடங்கிற்று. ‘கோபோல்ட் பிரஸ்’ என்ற மற்றொரு பிரசுராலயம் 2024-ல் தனக்கென்று ஓர் ஆட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. விஸார்ட்ஸ் கம்பெனியும் 2025-ல் திருத்திய புதிய விதிகளை முதலிலிருந்தே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிட்டது. வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள்; போன நம்பிக்கைக்குத்தான் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

*

இங்கே நான் கம்பெனிக்காரர்களைத் திட்டி முடித்திருப்பேன். ஆனால் என் மேஜை இழுப்பறையில் ஒரு கடிதம் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன் நான் புணர்ச்சி விதிகளுக்கு 40 பயிற்சித் தாள்கள் தயாரித்தேன். சக உபாத்தியாயர்கள் கேட்டார்கள். “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தாராளமாகக் கொடுத்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து ஒரு புஸ்தகக் கடையில் இலக்கண வழிகாட்டி ஒன்றைப் புரட்டினேன். என் பயிற்சிகள் அப்படியே இருந்தன. 17-வது பயிற்சியில் நான் செய்திருந்த பிழை கூட அப்படியே இருந்தது! விலை ரூபாய் 120. என் பெயர் எங்கும் இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அன்றிரவே அந்தப் பிரசுரகர்த்தருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தாள்கள் பள்ளிக்கூட உபயோகத்துக்கு மட்டுமே கொடுக்கப்பட்டவை என்றும், இன்று முதல் ஒருவரும் அவற்றை உபயோகிக்கக் கூடாது என்றும் கண்டித்து எழுதினேன்.

என் மனைவி படித்துப் பார்த்துவிட்டு, “கொடுத்தபோது ‘பள்ளிக்கூடத்துக்கு மட்டும்’ என்று சொன்னீர்களா?” என்று கேட்டாள்.

சொல்லவில்லை. சொன்னது ‘யார் வேண்டுமானாலும்’ என்பதுதான்.

“அந்தக் கிராமத்து டீச்சர் கூட இதை வைத்துக்கொண்டுதானே மெதுவாய்ப் படிக்கிற பிள்ளைகளுக்குப் படம் போட்டுப் புதுத் தாள் செய்திருக்கிறாள்? அவளும் நிறுத்த வேண்டுமா?”

அந்த அம்மையார் என் தாள்களின் மேல் இரண்டு வருஷம் உழைத்திருந்தார். எவனோ ஒருவன் மேலிருந்த கோபத்தில் நான் வீச நினைத்த கல் முதலில் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். கடிதம் தபாலில் சேரவில்லை. ஆயினும் எழுதினேன் என்பது உண்மை. கொடுத்தவன் கொடுத்ததற்கு வருந்தும் அந்த ஒரு நிமிஷத்தில், விஸார்ட்ஸ் கம்பெனிக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இருக்கவில்லை. அவர்களிடம் வக்கீல்கள் இருந்தார்கள். என்னிடம் மனைவி இருந்தாள்.

நம் முன்னோர் கோயிலுக்கு நிலம் விட்டபோது, சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்லுமென்று கல்லில் வெட்டினார்கள். இதை அழிப்பவன் இன்ன பாவத்தில் போவான் என்றும் கூடவே வெட்டி வைத்தார்கள். பிறரை மட்டும் சந்தேகித்து அப்படிச் செய்தார்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். தங்கள் மனத்தையும், தங்கள் பிள்ளைகளின் மனத்தையும் அவர்கள் சந்தேகித்திருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. கொடுக்கிற அன்று எல்லோரும் நல்லவர்களே. பத்திரம் எழுதுவது மற்ற நாட்களுக்காக.

என் பெண்ணின் நோட்டுப் புஸ்தகத்தைத் திருத்தி முடித்தேன். வல்லினம் மிகும் இடங்களில் தாராளமாகவும், மிகாத இடங்களில் அதைவிடத் தாராளமாகவும் போட்டிருந்தாள். மேலட்டையில் அந்த ஆட்டத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, கம்பெனியே வெளியிட்டது போலத் தோன்றச் செய்யக் கூடாது என்று எச்சரித்தேன். கம்பெனி ஒதுக்கி வைத்துக்கொண்ட பூதங்களை அவளாகவே விட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் மூல நூலின் பெயர், கம்பெனியின் பெயர், உரிமத்தின் பெயர் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

அதன் கீழ் அவள் சொந்தமாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள்: “இந்தத் தமிழாக்கத்தை, எங்கள் பெயரைக் குறிப்பிட்டு, யாரும் எப்படியும் பயன்படுத்தலாம். இந்த அனுமதியை நாங்கள் திரும்பப் பெற மாட்டோம்.”

பேனாவை எடுத்து, ‘மாட்டோம்’ என்பதை அடித்து, ‘முடியாது’ என்று எழுதினேன். முன்னால் இருந்த ‘நாங்கள்’ என்பதையும் ‘எங்களால்’ என்று மாற்றினேன்.

“இரண்டும் ஒன்றுதானே, அப்பா?” என்றாள்.

“இல்லை, அம்மா. ‘மாட்டோம்’ என்பது உன் மனத்தைப் பற்றிய செய்தி. ‘முடியாது’ என்பதுதான் வாங்கிக்கொள்கிறவனுக்கு வேண்டிய செய்தி” என்றேன்.

அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் உங்கள் 40 தாள்களிலும் இதை எழுதிவிடலாமா?” என்று கேட்டாள்.

இழுப்பறையிலிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாள்களை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் 17-வது பயிற்சியின் பிழையைத் திருத்தினேன்.